மன்னிக்காத மஹர்

செத்துப்போன உன் அத்தாவின் மையத்தை நடுவீட்டில் கிடத்திவைத்துக்கொண்டு, எனக்குச் சேர வேண்டியதை என்னிடமிருந்து பறித்தவன் நீ. நீ அப்படி நினைக்கமாட்டாய். உனக்கு அது குளிப்பாட்டுவது, கபன் துணி சுற்றுவது, சந்தூக்கைத் தூக்குவது மாதிரி ஒரு காரியம். வாசலில் நின்று “சொல்லிடும்மா” என்றாய். உள்ளேயிருந்து குரல் வந்தது. தோள் கொடுக்கப் போய்விட்டாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சலாம் சொல்லித்தான் தொடங்கியிருக்க வேண்டும். உன்மேல் சாந்தி உண்டாகட்டும், மகனே. அதை நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதற்குப் பிறகு எனக்கு இதமாக எழுத வரவில்லை. மெட்ராஸில் செல்போன் கடைக்கு இடம் பார்த்துவிட்டதாகச் சொன்னாய். மலையடிவாரத்து வளையல் கடையைக் கைமாற்றிவிட ஆளும் பார்த்துவிட்டாய். நான் வந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அப்புறம் நிக்காஹ் பேச்சு வந்தது. பெண்ணுக்கு மஹர் என்ன எழுதலாம் என்று பெண் வீட்டில் கேட்டார்களாம். “ஆயிரத்தொண்ணுன்னு எழுதிடலாம்மா. அதெல்லாம் பேருக்குத்தானே” என்றாய். அவர்கள் கொடுக்கும் மோட்டார் சைக்கிளின் நிறத்தைப் பற்றி அதைவிட அதிக நேரம் பேசினாய். அப்போதுதான் நான் கேட்டேன், என் மஹர் என்ன ஆயிற்று என்று. நீ சிரித்தாய். “அதான் அன்னைக்கே மாப்பு பண்ணிட்டியேம்மா.” வேலை பார்க்கும் கடையில் ஆள் வந்துவிட்டது என்று சொல்லி போனை வைத்தாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து போன் இல்லை. நான் போட்டால் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்தை நடுவில் துண்டிக்க முடியாது.

என் மஹர் என்ன என்பதே உனக்குத் தெரியாது. ஒரு ஜோடிப் பொன் வளையல். என் நிக்காஹ் சபையில், ஊரார் நடுவில், அப்போதிருந்த பள்ளிவாசல் ஹஜ்ரத் அதைச் சத்தமாகச் சொன்னார். திரைக்கு இந்தப் பக்கம் பெண்களோடு உட்கார்ந்திருந்த நான் கேட்டேன். சம்மதமா என்று கேட்க வந்தவர்களிடம் சம்மதம் என்று சொன்னது அந்த வளையலையும் சேர்த்துத்தான். பின்னால் கொடுப்பதாகப் பேச்சு. வளையல் கடைக்காரர் பெண்டாட்டிக்கு வளையலே மஹர் என்று எல்லாரும் சிரித்தார்களாம். உன் அத்தா முதல் வாரத்திலேயே என் கையைப் பிடித்துக் கட்டைவிரல் மூட்டை அமுக்கிப் பார்த்து, “ரெண்டு நாலு. பத்தர்கிட்ட சொல்லிடறேன்” என்றார். அவருக்கு அளவுக் கம்பி தேவையில்லை. மலையேற வரும் பெண் தூரத்தில் வரும்போதே கையைப் பார்த்து அளவு சொல்லிவிடுவார். நகை செய்யும் அந்தப் பத்தரிடம் அவர் கடைசிவரை சொல்லவில்லை.

அவரைத் திருடன் என்று நான் எழுதவில்லை. நல்ல மனிதர். ஆடிக்கிருத்திகை வியாபாரம் முடியட்டும் என்பார். முடிந்ததும் மழைக்குக் கூரை ஒழுகும். அடுத்த ஆடிக்கு நீ பிறந்தாய். அதற்கு அடுத்து உனக்குச் சுன்னத்து, அப்புறம் உன் பள்ளிக்கூடம், உன் டிப்ளமா. ஒவ்வொரு ஆடிக்கும் புதுச் சரக்கு வந்ததும் முதல் டஜன் கண்ணாடி வளையலை அவரே என் கையில் ஏற்றிவிடுவார். ஒன்றுகூட உடையாது, கீறல் விழாது. சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அது மஹர் இல்லை. அது கடைச் சரக்கு. கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டுக் கேட்டு வாங்கியிருப்பேன். நல்லவரிடம் எப்படிக் கேட்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நீ இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கும்போது திருவாலங்காட்டிலிருந்து ஓர் அம்மா வருவாள், உனக்கு ஞாபகம் இருக்கும். கரும்பு போட்டிருந்த வீடு. வரும்போதெல்லாம் உனக்கு ஒரு கரும்புத் துண்டு. மகளின் வளைகாப்புக்கு மொத்தமாக வளையல் எடுக்க வந்தவள், மகள் கல்யாணத்துக்கு நிலத்தில் பாதியை விற்றதைச் சொல்லி அழுதாள். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் கேட்டுகினே இருக்கிறார்களாம். நான் கல்லாப் பக்கம் உட்கார்ந்து வளையல்களைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏம்மா, உங்கள்ல ஆம்பள தான் பொண்ணுக்குக் குடுக்கணுமாமே? நெஜமா?”

“ஆங்” என்றேன். “மஹர்னு பேரு. அது இல்லாம நிக்காஹ் இல்ல.”

“உங்க சாமி நல்ல சாமிம்மா” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு என் கையைப் பார்த்தாள். “உனக்கு இன்னா குடுத்தாரு பாய்?”

உன் அத்தா அந்தப் பக்கம் திரும்பி, நகரியிலிருந்து வந்த ஒரு கூட்டத்திடம் தெலுங்கில் விலை சொல்ல ஆரம்பித்தார். நான் பீரோவில் இருக்கிறது என்றேன். பீரோவே அப்போது நம் வீட்டில் இல்லை. அவள் போன பிறகு உன் அத்தா எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான் அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது. அவளுக்கு நம் மார்க்கத்தின்மேல் வந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. சட்டம் நம்முடையது நல்ல சட்டம்தான். வழக்கத்தைப் பார்த்தால் அவள் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் என்ன வித்தியாசம்? என் நிக்காஹுக்கு என் தகப்பனார் கட்டில், பாத்திரம், உன் அத்தாவுக்குக் கைக்கடிகாரம், கடைக்கு முன்பணம் எல்லாம் கொடுத்தார். அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்து சேர வேண்டும், வந்து சேர்ந்தது. பெண்ணுக்குச் சேர வேண்டியது மட்டும் பின்னால், பின்னால், கபுர்க் குழிக்குப் போகும் நாள்வரை பின்னால்.

அந்த நாளுக்கு வருகிறேன். ஆடிக்கிருத்திகைக் கூட்டம் வடிந்த வாரம். கடையைத் திறந்துவிட்டு, காவடிக்காரர்கள் விட்டுப்போன குப்பையைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். பக்கத்துப் பூக்கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றியபோதே உயிர் இல்லை. நீ மெட்ராஸிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தாய். மதிய லுஹர் தொழுகைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று வெளியில் ஆண்கள் பேசிக்கொண்டார்கள். கபன் சுற்றி, முகத்தை மட்டும் திறந்துவைத்திருந்தார்கள். பெண்கள் என் கைகளைப் பிடித்துக் கொண்டுபோய் அவர் தலைமாட்டில் நிறுத்தினார்கள். கடைசியாகப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். உன் பெரியத்தை, அவருடைய அக்கா, என் காதருகே வந்து, “மஹர மாப்பு பண்ணிட்டேன்னு சொல்லிடு. கடனோட கபுருல எறக்கினா தம்பி கஷ்டப்படுவான்” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீசையில் ஒரு சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. உன் பெரியத்தை மறுபடி சொன்னார். பெண்கள் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வாசலில் உன் குரல் கேட்டது.

“சொல்லிடும்மா. எல்லாரும் வெயில்ல நின்னுகினு கீறாங்க.”

நான் சொல்லவில்லை, மகனே. வாயைத் திறந்தேன். வந்தது அழுகை. அவர் செத்துப்போனதற்கு வந்த அழுகை. அதற்குள் உன் பெரியத்தை வெளியே பார்த்து, “ஆங், சொல்லிட்டா, தூக்குங்க” என்றார். முகத்தை மூடினார்கள். அந்த நுரை அப்படியே போயிற்று. உன் பெரியத்தை கெட்டவர் இல்லை. அவர் புருஷன் செத்தபோது அவரும் அப்படித்தான் நின்றிருப்பார். அவர் சொன்னாரோ, அவருக்காக வேறு யாராவது சொன்னார்களோ. இந்த ஊரில் எத்தனை மையத்து இப்படிக் கடன் கழிந்ததாகச் சொல்லிக் கபுருஸ்தானுக்குப் போயிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது. புருஷன் செத்துக் கிடக்கும்போது எந்தப் பெண் மாட்டேன் என்று சொல்வாள்? மாட்டேன் என்று சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து வெளியில் வந்ததும் நான் முதலில் போனது இப்போதைய ஹஜ்ரத் வீட்டுக்கு. வேலூர்ப் பக்கத்துப் பிள்ளை, உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர் இருப்பார். அவர் மனைவி என்னை உட்காரவைத்து, கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் அவரை வரவழைத்தாள். மஹர் என்றால் என்ன, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது, எனக்கு முழுசாகச் சொல்லுங்கள் என்றேன். மசாலா என்று மார்க்கச் சந்தேகம் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் நோன்பு முறிந்ததா, தொழுகை கூடுமா என்றுதான் கேட்பார்களாம். அவர் கொஞ்சம் யோசித்துத்தான் ஆரம்பித்தார்.

மஹர் என்பது நபிக்கு முன்னாலேயே அரபிகளிடம் இருந்த வார்த்தையாம். யூதர்களின் பழைய பாஷையிலும் இதற்குக் கூடப்பிறந்த வார்த்தை ஒன்று உண்டாம். அப்போது அது பெண்ணுக்கு இல்லை. பெண்ணைப் பெற்றவனுக்கு. ஒட்டகமோ ஆடோ அவன் வாங்கிக்கொண்டு பெண்ணை அனுப்புவான். சொல்லப்போனால் விலை. குர்ஆனில் மஹர் என்ற வார்த்தையே இல்லை என்றார் அவர். எனக்கு அது புதிதாக இருந்தது. பெண்களுக்கான அத்தியாயத்தில் அல்லாஹ் சொல்வது வேறு வார்த்தை, ஸதுகாத். உண்மை என்பதற்கான ‘ஸித்க்’ என்ற அதே வேரிலிருந்து வருவது. ஒருவன் உண்மையாகத்தான் வருகிறான் என்பதற்கு அவன் முன்வைக்கும் பொருள். அதைப் பெண்களிடமே கொடுங்கள், சந்தோஷமாகக் கொடுங்கள் என்று கட்டளை. தகப்பன் கையிலிருந்ததைப் பிடுங்கிப் பெண் கையில் வைத்த குர்ஆன் ஆயத்து அது. கையில் ஒன்றுமில்லை என்று வந்த ஓர் ஏழையிடம், போய் ஓர் இரும்பு மோதிரமாவது தேடிப் பார் என்று நபி அனுப்பினாராம். பேருக்கு என்று சொல்லி அனுப்பவில்லை. தேடிப் பார் என்று அனுப்பினார்.

“அப்ப மையத்துகிட்ட நிக்க வெச்சு மாப்பு கேக்கறது எந்தக் கிதாபுல கீது ஹஜ்ரத்?” என்றேன்.

“எதுலயும் இல்லைம்மா. அவங்களே மனசார விட்டுக்குடுத்தா நீங்க சாப்பிடலாம்னு அதே ஆயத்துல கீது. மனசார.”

“எனக்கு மனசார இல்ல. நான் சொல்லவும் இல்ல.”

“அப்ப அது கடன்தாம்மா. வாரிசுங்க சொத்தைப் பிரிக்கறதுக்கு முன்னாடி குடுத்துடணும்.”

இதை வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லக்கூடாதா என்று கேட்டேன். அவர் சிரித்தது கேட்டது. ஒரு தபா சொன்னாராம். அடுத்த வாரம் பள்ளிவாசல் நிர்வாகி முத்தவல்லி கூப்பிட்டு, தொழுகையில் வரிசையாக நிற்பதைப் பற்றிப் பேசுங்கள் ஹஜ்ரத், ஜனங்கள் கோணலாக நிற்கிறார்கள் என்றாராம். “நான் சம்பளக்காரன்மா. வாரத்துக்கு ஒரு நிக்காஹ்ல ஆயிரத்தொண்ணுன்னு என் வாயாலயே படிக்கிறேன். வெளியில பாத்தா புது வண்டி நிக்குது, பூமாலை போட்டு.” அவர் மனைவி எனக்குக் கொடுத்த டீயை நான் குடிக்காமல் வைத்திருந்தேன். ஆறிப்போயிற்று என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனாள். அவள் கையிலும் ரப்பர் வளையல்தான் கிடந்தது. அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கே உன்னிடம் கேட்டிருக்கலாம். நீ அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாய், வாடகை கொடுத்துச் சாப்பிடவே திணறிக்கொண்டிருந்தாய். நான் கடையைத் திறந்தேன். ஆம்பிளை இல்லாத கடை, அந்தம்மா வளையல் ஏற்றினால் வலிக்கிறது என்று சொல்லிப் போனவர்களும் உண்டு. உன் அத்தா மாதிரி எனக்கு வரவில்லை. உடைத்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கடையில் இருந்துதான் நீ தங்கியிருந்த மேன்ஷனுக்கு முன்பணம் வந்தது. இத்தனை வருஷம் அதை நான் நடத்தினேன் என்பது உன் கணக்கில் வரவில்லை. கைமாற்ற ஆள் பார்த்த பிறகுதான் எனக்குச் சொல்கிறாய்.

கனகம்மாசத்திரத்தில் பெண் பார்க்கப் போனதை நீ மறந்திருக்கமாட்டாய். நீ அவளுடைய தகப்பனோடு வெளியில், அவருடைய பஞ்சர் கடை முன்னால் உட்கார்ந்திருந்தாய். உள்ளே பெண்கள் மட்டும். நான் நம் கடையிலிருந்து கொண்டுபோன வளையலை அவளுக்குப் போட்டுவிட்டேன். ரெண்டு நாலு. என் பழைய கை அளவு. மூட்டை அமுக்கும்போது அவள் முகம் சுளிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், “மாமி, எனக்கு மஹர் இன்னா போடுவீங்க?” என்று கேட்டாள். சாதாரணமாக, கடையில் விலை கேட்கிற மாதிரி. அவள் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, “எப்டி கேக்கறா பாரு, அவ அத்தா காதுல உழுந்தா தோல உரிச்சுடுவாரு” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பன்னிரண்டாவது முடித்திருக்கிற பெண். தன்னுடையதைத்தானே கேட்டாள்? அதற்கு ஏன் சிரித்தார்கள்? நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் மட்டும் சிரிக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

அவள் தகப்பன் அந்த வண்டிக்காக எங்கே கைநீட்டியிருக்கிறார் என்று உனக்குத் தெரியாது, நீ கேட்கவும் மாட்டாய். பஞ்சர் ஒட்டுகிறவர் மாப்பிள்ளைக்குப் புது வண்டி வாங்குகிறார். நபிக்கு முந்திய காலத்தில் பெண்ணைப் பெற்றவன் வாங்கினான் என்று சொல்லி அதை அறியாமைக் காலம் என்கிறோம். இப்போது பெண்ணைப் பெற்றவன் கொடுக்கிறான், ஆணைப் பெற்றவர்கள் வாங்குகிறோம். இந்தக் காலத்துக்கு என்ன பேர் வைப்பது? வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தி ஆகப்போகிறேன். அந்தச் சபையில் அவர்கள் ஆயிரத்தொண்ணு என்று படிக்கும்போது நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்கமாட்டேன். வரமாட்டேன். அம்மா ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு, உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாதே. காரணத்தைச் சொல்.

அத்தாவைக் கபுரில் கஷ்டப்படவிடலாமா என்று நீ கேட்பாய். உன் பெரியத்தை கேட்டதுதான். அவரைக் கஷ்டப்படுத்துவது நான் இல்லை. கடனை வைத்திருப்பது நீ. அவர் விட்டுப்போன கடை உன் கைக்கு வருகிறது, அவர் விட்டுப்போன கடனும் அதோடுதான் வருகிறது. தனியாகத் தொழும்போது எத்தனையோ தபா அவரை மன்னிக்கப் பார்த்தேன். கொடுக்கவில்லையே என்ற கோபம்கூட இப்போது இல்லை. அசதிதான் இருக்கிறது. ஆனால் என் கைக்கே வராத ஒன்றை எப்படி நான் விட்டுக்கொடுக்க முடியும்? முதலில் வரட்டும். வந்த பிறகு போட்டுக்கொள்வேனா, விற்பேனா, யாருக்காவது கொடுப்பேனா என்பது என் இஷ்டம். அந்த இஷ்டம்தான் எனக்குச் சேர வேண்டியது என்று இத்தனை வயதுக்குப் பிறகு எனக்குப் புரிகிறது.

கடைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவேன். அதற்கு முன்னால், நிக்காஹுக்கு முன்னால், இரண்டு ஜோடிப் பொன் வளையல் கொண்டு வா. அந்த வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிடு. செல்போன் கடை ஒரு வருஷம் தள்ளிப் போகட்டும். பித்தளைக்கு முலாம் பூசியது வேண்டாம், எனக்குப் பார்த்தாலே தெரியும். அவளுக்கு ரெண்டு நாலு, அவள் கையில் நீயே கொடு, அவள் தகப்பன் கையில் இல்லை. எனக்கு ரெண்டு நாலு இப்போது ஏறாது. கை தடித்துவிட்டது, மூட்டு வீங்கிக்கிடக்கிறது. நகைக்கடையில் அளவு கேட்டால் ரெண்டு ஆறு என்று சொல்.

எப்போது கொண்டு வருகிறாய்?